செந்நரியின் குடும்ப மரத்தை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வரைவது எப்படி?

கலிஃபோர்னியாவின் சேக்ரமென்டோ பள்ளத்தாக்கில் திரியும் செந்நரிகள் பண்ணையிலிருந்து தப்பி வந்தவை என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். ரோமத்துக்காக நரி வளர்த்த பண்ணைகள் அந்த மாநிலத்தில் இருந்தன, கூண்டை விட்டு ஓடிய நரிகளும் இருந்தன, அதனால் அப்படி நினைத்ததைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பென் சாக்ஸும் அவர் குழுவினரும் டிஎன்ஏவை வைத்துப் பார்த்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு கதையை மாற்றிவிட்டது. அவை அந்த மண்ணின் சொந்த நரிகள், மேற்கு அமெரிக்க மலைநரிகளுக்கு நெருங்கிய உறவு. பட்வின் என்று தனித் துணையினப் பெயரும் கிடைத்தது. வெளியிலிருந்து வந்து பெருகிய விலங்கு என்றால் ஒழிக்க வேண்டியது, சொந்த விலங்கு என்றால் காப்பாற்ற வேண்டியது. சில நூறு டிஎன்ஏ எழுத்துகள் ஒரு நரிக்கூட்டத்தின் தலையெழுத்தையே மாற்றியிருக்கின்றன.

அந்த ஆய்வு போன வழியின் எளிய வடிவத்தை இன்று நாமே செய்து பார்க்கலாம். லேப் வேண்டாம், பணம் வேண்டாம். இன்டர்நெட் இணைப்பும் மெகா, டிஎன்ஏஎஸ்பி, பாப்ஆர்ட் என்ற மூன்று இலவச மென்பொருள்களும் போதும்.

தொடங்கும் முன் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் ராத்திரி ஊளையிடும் நரி பெரும்பாலும் பொன்னிறக் குள்ளநரி, அது நாய், ஓநாய் வகையறா. சேலம் பக்கம் வங்காநரி என்று சொல்வது வங்காள நரி, அது செந்நரிக்குப் பங்காளி, ஆனால் வேறு இனம். செந்நரியை இந்தியாவில் பார்க்க வேண்டுமென்றால் இமயமலைப் பக்கமோ ராஜஸ்தான் வறண்ட பூமிக்கோதான் போக வேண்டும். அதனால் தேடும்போது எப்போதும் அறிவியல் பெயரையே, அதாவது வல்பெஸ் வல்பெஸ் (Vulpes vulpes) என்பதையே, ஆங்கில எழுத்தில் கொடுங்கள்.

படி 1: எந்த மரபணு?

சைட்டோகுரோம் பி (cytochrome b). செல்லுக்குச் சக்தி கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பில் இருக்கிற, 1140 எழுத்து நீளமுள்ள மரபணு. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருவதால் அப்பா பக்கத்துக் கலப்பு கிடையாது, தாய் வழியை நூல் பிடித்த மாதிரி பின்னோக்கிப் போகலாம். உலகம் முழுக்க நரி ஆய்வுகளில் இதைத்தான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதனால் பொதுத் தளத்தில் தாராளமாகக் கிடைக்கும்.

படி 2: வரிசைகளை இறக்குவது

டிஎன்ஏ வரிசைகளை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் என்சிபிஐ (NCBI) என்ற பொதுத் தளத்தில் நியூக்ளியோடைடு பகுதிக்குப் போய் இனப் பெயரையும் மரபணுப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். வருகிற பட்டியலில் சில பதிவுகள் முழு 1140 எழுத்து, சில வெறும் 354 எழுத்து. வட அமெரிக்க நரி ஆய்வுகளில் அந்த 354 எழுத்துத் துண்டுதான் நிறைய வரும், பழைய அருங்காட்சியகத் தோலிலும் எலும்பிலும் டிஎன்ஏ சிதைந்து கிடக்கும்போது சின்னத் துண்டை எடுப்பதுதான் சாத்தியம். முதல் முயற்சிக்கு 30 அல்லது 40 பதிவுகள் போதும். ஐரோப்பா, ஆசியா, அலாஸ்கா, மேற்கு அமெரிக்கா, கிழக்கு அமெரிக்கா என்று பரவலாக எடுங்கள். கூடவே ஆர்க்டிக் நரியின் பதிவு ஒன்றும் வேண்டும், காரணம் 5-ஆம் படியில் வரும். எல்லாவற்றையும் ஃபாஸ்டா (FASTA) என்ற எளிய எழுத்துக் கோப்பு வடிவில் சேமியுங்கள்.

கோப்பை நோட்பேடில் திறந்தால் வலப்பக்கம் பார்க்கும் ஓர் அம்புக்குறி, அதே வரியில் பதிவு எண்ணும் பெயரும், அதற்குக் கீழே ஏ, டி, ஜி, சி என்று எழுத்துகள், அவ்வளவுதான். மரபணு முழுதாக இருந்தால் ஏ-டி-ஜி என்று ஆரம்பிக்கும்.

படி 3: எந்த நரி, எந்த ஊர்?

புதிதாகச் செய்பவர்கள் தாண்டிப் போகிற படி இது, என்னைக் கேட்டால் இதுதான் உயிர்நாடி. எக்செல்லில் ஒரு அட்டவணை போட்டு, ஒவ்வொரு பதிவுக்கும் அந்த நரி எந்த நாட்டில் எந்த இடத்தில் கிடைத்தது, காட்டு நரியா பண்ணை நரியா என்று எழுதுங்கள். பதிவுப் பக்கத்தில் இல்லையென்றால் அதோடு இணைத்திருக்கும் கட்டுரையில் தேடுங்கள். அங்கும் கிடைக்கவில்லையா, அந்தப் பதிவை விட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் பெல்யாயெவ், லுட்மிலா ட்ரூட் என்ற மரபியல் ஆய்வாளர்கள் 1959-இல் தொடங்கிய, நரியை நாய் மாதிரி பழக்கிய புகழ்பெற்ற சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் வளர்த்தவை வெள்ளிநரிகள், அதாவது செந்நரியிலேயே கருப்பு, வெள்ளி நிற ரோமம் உள்ள வகை; அவற்றின் மூதாதைகள் பெரும்பாலும் கிழக்குக் கனடாவைச் சேர்ந்தவை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வெள்ளிநரிப் பண்ணைத் தொழில் வேர்பிடித்து, அங்கிருந்து உலகம் முழுக்கப் போனது. அட்டவணையில் நீங்கள் ரஷ்யா என்று மட்டும் எழுதிவைத்தால், உங்கள் மரத்தில் ரஷ்ய நரி ஒன்று கனடா நரிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்திருக்கும், நீங்களும் இல்லாத ஒரு இடப்பெயர்ச்சிக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

படி 4: வரிசைகளைப் பொருத்துவது

மெகாவில் கோப்பைத் திறந்து, அலைன்மென்ட் பகுதியில் மசுல் (MUSCLE) என்பதைத் தேர்ந்து ஓட விடுங்கள். ஒரு நரிக்கு ஒரு வரி, எழுத்துகள் ஒன்றன் கீழ் ஒன்றாக, நான்கு நிறங்களில் வரும். நிதானமாக வலப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். ஒரு நெடுவரிசை முழுக்க சி, சி, சி என்று போய்க்கொண்டிருக்கும், திடீரென்று நாலு நரிக்கு மட்டும் டி. அந்த நாலும் எந்த ஊர் என்று அட்டவணையைப் பாருங்கள், நாலுமே அலாஸ்கா என்று வந்தால் மரம் வரையும் முன்பே அதன் ஒரு கிளையைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

பிறகு இரண்டு ஓரத்தையும் வெட்டி எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள், ஆனால் மரபுக் குறியீட்டை முதுகெலும்பி மைட்டோகாண்ட்ரியா என்று மாற்றிய பிறகுதான். வழக்கமான குறியீட்டில் டி-ஜி-ஏ என்றால் நிறுத்தக்குறி, மைட்டோகாண்ட்ரியாவில் அது டிரிப்டோஃபேன். மாற்றாமல் விட்டால் நல்ல வரிசையிலும் நடுநடுவே நிறுத்தக்குறி தெரியும். மாற்றிய பிறகும் ஒரு பதிவில் நடுவில் நிறுத்தக்குறி வந்தால், முதலில் மூன்று மூன்றாகப் பிரிப்பது சரியான எழுத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் அது செல்லின் உட்கருவுக்குள் எப்போதோ ஒட்டிக்கொண்ட பழைய நகலாக இருக்க வாய்ப்புண்டு, தூக்கிவிடுங்கள்.

படி 5: மரம்

மெகாவிலேயே மாடல் தேர்வை (எழுத்துகள் எப்படி மாறுகின்றன என்பதற்கான கணக்கு) ஓட்டி, அது முதலில் காட்டும் மாடலை எடுத்து, மேக்சிமம் லைக்லிஹுட் என்ற மரம் வரையும் முறையில் 1000 பூட்ஸ்ட்ராப் கொடுங்கள், அதாவது தரவை மாற்றி மாற்றி எடுத்து 1000 முறை மரத்தைச் சோதிப்பது. பிறகு மரத்தின் வேரை ஆர்க்டிக் நரியில் வையுங்கள், அது செந்நரிக் கூட்டத்துக்கு வெளியே நிற்கும் உறவு என்பதால் எந்தக் கிளை முதலில் பிரிந்தது என்று தெரியும். இதற்குப் பாலைவனத்து ரூப்பெல் நரியை மட்டும் எடுக்காதீர்கள், அதன் மைட்டோகாண்ட்ரியா வரிசைகள் செந்நரி மரத்துக்கு உள்ளேயே வந்து விழுகின்றன.

கிளைகளில் இருக்கும் எண் 100-ஐ நெருங்கினால் அந்தப் பிரிவை நம்பலாம், 50-க்குக் கீழே இருந்தால் அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் இருப்பதே நல்லது. இனத்துக்குள் வித்தியாசம் குறைவு என்பதால் சின்ன எண்கள் நிறைய வரும், பயப்பட வேண்டாம்.

படி 6: வலை

ஒரே இனத்துக்குள் மரத்தைவிட ஹாப்லோடைப் (எழுத்துக்கு எழுத்து ஒத்த வரிசை வகை) வலைதான் தெளிவாகப் பேசும். டிஎன்ஏஎஸ்பியில் ஒரே மாதிரியான வரிசைகளைத் தொகுத்து, ஊர் விவரத்தோடு பாப்ஆர்ட்டில் கொடுத்து மீடியன் ஜாயினிங் ஓட்டுங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு வகை, கோட்டின் மேல் இருக்கும் குறுக்குக் கீறல்கள் மாறிய எழுத்துகள்.

வட்டம் பெரிதானால் பதிவு அதிகம், ஆனால் அந்த அளவை மட்டும் நம்பாதீர்கள். பல ஆய்வாளர்கள் ஒரு ஹாப்லோடைப்புக்கு ஒரு பதிவு என்றுதான் பொதுத் தளத்தில் ஏற்றுகிறார்கள், 60 நரியில் கிடைத்ததும் ஒரு பதிவுதான், ஒரே நரியில் கிடைத்ததும் ஒரு பதிவுதான். எண்ணிக்கை வேண்டுமென்றால் கட்டுரையின் அட்டவணையிலிருந்து எடுத்து நீங்களே சேர்க்க வேண்டும்.

படி 7: படிப்பது

பதிவுகளைப் பரவலாக எடுத்திருந்தால் இரண்டு பெரிய கூட்டம் தெரிய வேண்டும். அலாஸ்கா, மேற்குக் கனடா நரிகள் ஐரோப்பிய, ஆசிய நரிகளோடு சேர்ந்து ஹோலார்க்டிக் என்ற கூட்டத்தில் நிற்கும். அமெரிக்காவின் மேற்கு மலைகளிலும் கிழக்கிலும் இருப்பவை நியார்க்டிக் கூட்டம், பனியுகத்தில் பெரும் பனிப்பாளங்களுக்குத் தெற்கே மாட்டிக்கொண்டு தனியாக வளர்ந்தவை. 2014-இல் மார்க் ஸ்டேதமும் குழுவினரும் சுமார் 1000 நரிகளை வைத்துச் செய்த ஆய்வு, செந்நரிகளின் மூலம் மத்திய கிழக்கு என்றும், நியார்க்டிக் கூட்டம் தோன்றி சுமார் 4 லட்சம் ஆண்டு ஆகிறது என்றும் கணக்கிட்டது. பின்னால், சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன், சைபீரியாவையும் அலாஸ்காவையும் அப்போது இணைத்த பெரிங் நிலப்பாலம் வழியாக இன்னொரு தாய்வழி அமெரிக்காவுக்குள் வந்தது. அலாஸ்கா நரி ஆசியக் கூட்டத்தோடு நிற்பது அதனால்தான்.

இந்த இடத்தில் அலாஸ்கா நரியும் சைபீரிய நரியும் நெருங்கிய சொந்தம் என்று எழுதத் தோன்றும். அது தாய்வழி மட்டும் சொல்கிற கதை. அதே ஆய்வில் ஆண்வழி ஒய் குரோமோசோமையும் உட்கரு டிஎன்ஏவையும் பார்த்தபோது பெரிய பிளவு ஆசியாவையும் அமெரிக்காவையும் பிரிக்கும் பெரிங் நீரிணையிலேயே விழுந்தது, அதாவது அலாஸ்கா நரி மற்ற அமெரிக்க நரிகளின் பக்கம்தான். வட அமெரிக்கச் செந்நரியை வல்பெஸ் ஃபுல்வா என்ற தனி இனமாகவே கருதலாம் என்ற பழைய கருத்துக்கு இதனால் மீண்டும் வலு வந்திருக்கிறது. ஆகவே உங்கள் படத்தைச் சேமிக்கும்போது தலைப்பில் 'தாய்வழி மரம், சைட்டோகுரோம் பி' என்று எழுதி, 3-ஆம் படியின் அட்டவணையையும் அதே ஃபோல்டரில் வையுங்கள்.