வராத வரவையும் எழுதுங்கள்: எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் செய்யும் பணத் தவறுகள்

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஒரு தங்கச்சி வந்திருந்தார். வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறவர். எடை 112 கிலோ, சர்க்கரை, முழங்கால் வலி. மதுரையில் ஸ்லீவ் ஆபரேஷனுக்கு, அதாவது எடை குறைய வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷனுக்கு, தேதி வாங்கிவிட்டார். "அக்கா, மூணாம் நாளே வீட்டுக்கு அனுப்பிருவாங்களாம். பதினஞ்சு நாள் கழிச்சு ஒரு கல்யாண ஆர்டர் இருக்கு. எடுத்துக்கிட்டாப் பரவாயில்லைல?" என்றார்.

எனக்குக் கை சில்லிட்டுப் போனது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே கணக்கைத்தான் நானும் போட்டேன், வார்த்தை கூட மாறவில்லை. என்னிடம் விசாரிக்க வருகிற பத்தில் ஏழு பேர் இதையேதான் கேட்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. காரைக்குடியில் 22 வருஷமாகப் பலகார அடுப்படி நடத்துகிறவள். என்ன சாப்பிடலாம், எப்போது நடக்கலாம் என்பதை ஆஸ்பத்திரியில் விவரமாகச் சொல்லி அனுப்புவார்கள். வருமானம் நின்றுபோகிற வாரங்களை எப்படித் தாண்டுவது என்பதை அங்கே யாரும் சொல்வதில்லை. நான் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் எழுதுவது

பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய ஊர் இது. கடல் தாண்டிக் கொண்டுவிற்கப் போன இடத்திலிருந்து கடுதாசி வந்தால் முதல் பக்கம் நலம் விசாரிப்பு, அடுத்த பக்கம் கணக்கு என்று என் அம்மா சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஆபரேஷன் என்றதும் பில் தொகையை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைக்கிறோம்.

அந்தச் சீட்டில் இன்னும் இரண்டு வரி வேண்டும். ஒன்று, வராத வரவு. வாரத்துக்கு உங்கள் கைக்கு நிற்கும் தொகையை, நிற்கப்போகும் வாரங்களால் பெருக்குங்கள். எனக்கு வாரம் 6,000 ரூபாய். எட்டு வாரத்துக்கு 48,000. இரண்டாவது, புதிதாக வந்து ஒட்டிக்கொள்ளும் மாதச் செலவு: புரோட்டீன் பவுடர், வைட்டமின் மாத்திரை, சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, போய்வர வண்டிச் செலவு. நீங்கள் கால் இட்லி சாப்பிடுகிறீர்கள் என்பதற்காக வீட்டு மளிகைச் செலவு பாதியாகிவிடாது. மற்றவர்கள் சாப்பிடத்தான் செய்வார்கள்.

டிஸ்சார்ஜ் தேதியை வேலைத் தேதியாக எண்ணுவது

இதை நான் விரிவாகத்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் அடங்கவில்லை.

எனக்குப் பங்குனி 24-ல் ஆபரேஷன். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். வயிற்றில் ஐந்து சின்னத் துளை, அவ்வளவுதான் வெளியே தெரிந்தது. "ஆறு வாரத்துக்குப் பளு தூக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். பளு என்றால் அரிசி மூட்டை என்று நான் எடுத்துக்கொண்டேன். சித்திரை 12-ல் ஒரு கல்யாணம். என் அம்மா காலத்திலிருந்து எங்களிடமே வாங்கும் வீடு. ஆச்சி நேரில் வந்து, "நீ போட்டாத்தான் எனக்குத் திருப்தி" என்று சொல்லி 20,000 முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மொத்தம் 62,000 ரூபாய் ஆர்டர். தேன்குழல், மணகோலம், அதிரசம், சீப்புச்சீடை. முன்பணம் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் கரைந்துவிட்டது. அதனால் ஆர்டரை விடவும் மனசில்லை.

சித்திரை 10 காலையில் அடுப்பு மூட்டினேன். ஆபரேஷன் முடிந்து பதினாறாம் நாள். பருப்புத் தண்ணியிலிருந்து அரைத்த கூழுக்கு அப்போதுதான் மாறியிருந்தேன்.

தேன்குழல் பிழியும் பலம் கையில் இருப்பதாகப் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். வருவது அடிவயிற்றிலிருந்து. மாவு கொஞ்சம் கெட்டியாக இருந்தால் மூச்சைப் பிடித்து, வயிற்றை இறுக்கித்தான் அச்சை அழுத்த வேண்டும். நாலாவது ஈட்டில் உள்ளே சுருக்கென்றது. வெளியே ஐந்து துளைதான், உள்ளே வயிற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை நெடுக மூடியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பிழிந்தேன்.

அதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். அனலில் நிற்கிறவர்கள் எப்படித் தண்ணீர் குடிப்போம்? வேர்வை ஊற்றும், ஒரு ஈடு இறக்கியதும் செம்பைத் தூக்கி ஒரே மூச்சில் அண்ணாந்துவிடுவோம். ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு அது நடக்காது. வயிறு வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாயாகிவிட்டது. மடக்கு மடக்காக, நாள் முழுவதும் குடித்தால்தான் ஒன்றரை லிட்டராவது உள்ளே போகும். காலையில் வேர்வையில் போனதை மதியம் மொத்தமாகக் குடித்துச் சரிக்கட்ட வழியே இல்லை. சித்திரை வெயில், ஓட்டுக் கூரை, இரண்டு விறகடுப்பு. காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. மூன்று மணிக்குக் கண் இருட்டியது. அரிகரண்டி கையிலிருந்து நழுவியது. பக்கத்தில் மணகோலம் உருட்டிக்கொண்டிருந்த பெண் என் முந்தானையைப் பிடித்துப் பின்னால் இழுக்காவிட்டால் எண்ணெய்ச் சட்டிமேல் சாய்ந்திருப்பேன்.

இரண்டு ராத்திரி டிரிப்ஸ். தையல் எங்கும் கசியவில்லை என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லும்வரை எங்கள் வீட்டுக்காரர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

கணக்குக்கு வருகிறேன். மறுபடி சேர்ந்ததற்குப் பில் 18,500. ஆர்டரை முடித்துக் கொடுத்த இன்னொரு பலகார வீட்டுக்கு 44,000. வழக்கமாக 30,000-க்குள் முடியும் வேலை. ஆனால் ஒரு நாள் அவகாசத்தில் ராத்திரி கண்விழித்துச் செய்கிறவர்களிடம் பேரம் பேசவும் கூடாது, பேசினாலும் நடக்காது. சரக்கு 23,000. ஆக, கல்யாண வீட்டிலிருந்து வந்தது 62,000, போனது 67,000. அதோடு டாக்டர் ஓய்வை நீட்டிவிட்டார். எட்டு வாரம் பதின்மூன்று வாரமானது; அந்த ஐந்து வாரத்துக்கு 30,000. மொத்தம் 53,500 ரூபாய். அந்த ஆர்டரை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் இழந்திருக்கக்கூடியது 15,000 ரூபாய் லாபம், அவ்வளவுதான்.

ஆகவே நாளை எண்ணும்போது வேலையை வைத்து எண்ணுங்கள். உட்கார்ந்து கணக்கெழுதும், போன் பேசும் வேலைக்குப் பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் திரும்பிவிடலாம். நின்று செய்யும் லேசான வேலைக்கு நாலு வாரம் போகட்டும். தூக்குவது, அழுத்துவது, அனலில் நிற்பது என்றால் ஆறிலிருந்து எட்டு வாரம் என்று வைத்துப் பணத்தைத் திட்டமிடுங்கள். ஆத்தங்குடித் தரைக்கல் போடுகிற தம்பி ஒருவர், "கல்லு சின்னதுதானேக்கா" என்றார். ஒரு கல் சின்னதுதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அச்சைத் தூக்குகிறார் என்று அவரே எண்ணிப் பார்த்துவிட்டுத் தேதியைத் தள்ளினார். கண்டாங்கிச் சேலை நெய்கிறவர்கள் உட்கார்ந்த வேலை என்று நினைக்கக் கூடாது. தறிக்கட்டை வயிற்றுக்கு நேரே இருக்கிறது, கால் மிதியில் இருக்கிறது.

டாக்டரிடம், "எப்ப வேலைக்குப் போகலாம்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அவர் மனசில் மேசையும் நாற்காலியும் இருக்கும். "12 கிலோ எண்ணெய்ச் சட்டியை இறக்கணும், எட்டு மணி நேரம் அடுப்பு முன்னால நிக்கணும், அச்சுப் பிழியணும். எப்பலேர்ந்து செய்யலாம்?" என்று செய்து காட்டியே கேளுங்கள். நான் பிறகு அப்படிக் கேட்டேன். பதில் வேறாக இருந்தது.

நாக்கை நம்பிய தொழிலுக்கு ஆள் பழக்காமல் போவது

சமையல், பலகாரத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் இது. ஆபரேஷன் முடிந்த புதிதில் எண்ணெய் காயும் வாசனையே எனக்குக் குமட்டியது. மாவில் உப்புப் பார்க்க நாக்கு ஒத்துழைக்கவில்லை. பாகை வாயில் வைத்துப் பார்த்தால் நெஞ்சு படபடத்து, தலை சுற்றி, வேர்த்துக் கொட்டியது. இனிப்பு சட்டென்று குடலுக்குள் இறங்கினால் இப்படி ஆவதுண்டு.

அதிரசப் பாகு பதத்தை நாக்கில்லாமல் பார்க்கலாம்: கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் கூட்டினால் கரையாமல் மெத்தென்று உருள வேண்டும். உப்புக்கு மட்டும் இன்னொரு நாக்கு வேண்டும். இரண்டு மாதம் முன்பே ஒருவரைப் பழக்குங்கள். பழக்கும் காலத்துக் கூலியையும் செலவில் எழுதுங்கள். நீங்கள் படுத்திருக்கும்போது கடை பாதி வேகத்திலாவது ஓடினால் அந்தக் கூலி திரும்பி வந்துவிடும்.

நகை முழுவதையும் பில்லுக்கே வைப்பது

இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-ல் தொடங்கியபோதே சென்னை, ரங்கூனோடு காரைக்குடியிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. வங்கிக்கும் நகைக்கடனுக்கும் குறையில்லாத ஊர். கடன் சுலபமாகக் கிடைப்பதால்தான் இருக்கும் நகையை மொத்தமாகக் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். மூன்றாவது வாரம் பால்காரருக்குக் கொடுக்கக் காசிருக்காது.

நகையை முதலிலேயே இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கு பில்லுக்கு. இன்னொரு பங்கு வராத வரவுக்கு, அதைத் தேவை வரும்வரை அடகு வைக்காதீர்கள். வைத்த நாளிலிருந்து வட்டி ஓடும்.

தினப்படி பாலிசியை நம்புவது

ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 2,000 ரூபாய் தரும் பாலிசி ஒன்று இருக்கிறது, அது வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளும் என்று ஒருவர் என்னிடம் நிம்மதியாகச் சொன்னார். படித்துப் பார்த்தோம். படுக்கையில் இருக்கும் நாளுக்குத்தான் பணம். இந்த ஆபரேஷனுக்கு இருப்பது இரண்டு மூன்று நாள். அதிகம் போனால் 6,000. வீட்டில் ஓய்வெடுக்கும் வாரங்களுக்கு அந்த மாதிரிப் பாலிசியில் ஒரு ரூபாயும் வராது.

சாதாரண மருத்துவக் காப்பீட்டில் இந்த ஆபரேஷனுக்கு நிபந்தனை உண்டு. பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவு) 40 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல், இதய நோய் மாதிரி ஒன்று கூட இருக்க வேண்டும். காத்திருப்புக் காலமும் உண்டு. இன்று பாலிசி எடுத்து அடுத்த மாதம் ஆபரேஷன் என்பது நடக்காது.

ஈ.எஸ்.ஐ. இருந்தும் கேட்காமல் விடுவது

ஜவுளிக்கடை, மில், ஓட்டல் என்று சம்பளத்துக்கு இருப்பவர்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் போனால், உடம்பு சரியில்லாத நாட்களுக்குக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும், வருஷத்துக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாள் சேராது. அதற்குரிய ஆறு மாதப் பிடித்தக் காலத்தில் 78 நாளாவது பிடித்தம் போயிருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் இல்லாமல் இது நகராது. ஆபரேஷன் முடிந்த பிறகு ஓடாமல், முன்பே டிஸ்பென்சரிக்குப் போய் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரகசியமாக வைப்பது

உடம்பைக் குறைக்க ஆபரேஷனா என்று பேசுவார்களே என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் கடையைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். வாடிக்கையாளர் ஒரு தடவை வந்து பூட்டைப் பார்ப்பார், இரண்டாவது தடவை வேறு கடைக்குப் போவார். "வயித்துல ஆபரேஷன், இந்தத் தேதிக்கு மேல அடுப்பு பத்த வைப்பேன்" என்று சொன்னால் போதும். எங்கள் ஆச்சிமார் யாரும் அதற்கு மேல் துருவிக் கேட்கவில்லை. இரண்டு பேர் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

குழுக் கடன் தவணையை அப்புறம் பார்க்கலாம் என்பது

பார்க்க முடியாது. எட்டு வாரத் தவணையையும் முன்பே தனியாக எடுத்துவையுங்கள்.

வைட்டமினில் மிச்சம் பிடிப்பது

கூடவே கூடாது. இரும்புச்சத்தும் பி12-ம் குறைந்தால் மாவு பிசையத் தெம்பிருக்காது.

முடிக்கு எண்ணெய் வாங்குவது

மூன்றாம் மாதத்துக்கு மேல் முடி கொட்டும். பெரும்பாலும் தானே திரும்ப வளரும். அந்தக் காசைப் புரோட்டீனுக்குக் கொடுங்கள்.

மாதம் பார்க்காமல் தேதி வாங்குவது

சம்பளக்காரர்களுக்கு எந்த மாதமும் ஒன்றுதான். நம்மைப் போன்றவர்களுக்கு அப்படி இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆர்டரும் மெலிந்திருக்கும். ஆடி பிறந்ததும் செய்துகொண்டால், ஆவணி முகூர்த்தத்தில் பாதியை விட்டுக்கொடுத்தாலும் தீபாவளிக்கு முழுத் தெம்போடு அடுப்படியில் நிற்கலாம். நான் பங்குனியில் போய்ப் படுத்தேன்.

தேவகோட்டைத் தங்கச்சி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தேதியை ஆடி முதல் வாரத்துக்கு மாற்றிவிட்டார். கையில் இருக்கும் கல்யாண ஆர்டரை அதற்கு முன்பே முடித்துவிடுவார். ஆவணியில் அவருக்கு வந்திருந்த இரண்டு ஆர்டரையும் எங்கள் அடுப்படிக்கு மாற்றி எழுதியிருக்கிறோம். கூலி வழக்கமான 30,000 கணக்கில்தான், லாபத்தில் பாதி அவருக்கு. முன்பணம் கொடுத்த இரண்டு வீட்டுக்கும் அவரே போன் பண்ணிச் சொல்லிவிட்டார். உப்புப் பார்க்க அவருடைய நாத்தனார் அடுத்த வாரத்திலிருந்து இங்கே வருகிறார்.