தெருவில் கேமரா வைத்தாகிவிட்டது, அப்புறம்?

சென்னையில் காவல்துறையின் 'மூன்றாவது கண்' என்ற கண்காணிப்புக் கேமராத் திட்டத்தின்போது பல குடியிருப்போர் நலச் சங்கங்கள் பணம் போட்டுத் தெருவில் கேமரா வைத்தன. வைப்பது சுலபம், அது ஓடுகிறதா என்று பார்க்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. சங்கிலி பறிப்பு நடந்த பிறகு தேடினால், ஹார்ட் டிஸ்க் என்றைக்கோ நின்றுபோயிருக்கும். அதனால் மாதச் சந்தா வாங்கும் நாளிலேயே, முந்தின வாரத்து ராத்திரிப் பதிவு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். வண்டி நம்பர் தெரிகிறதா, திரையில் தேதியும் நேரமும் சரியா, லென்ஸை ஒட்டடையோ வேப்பங்கிளையோ மறைக்கிறதா என்று கவனியுங்கள். இந்த வேலையை ஒருவர் தலையிலேயே கட்டாமல், மூன்று மாதத்துக்கு ஒரு வீடு என மாற்றிக் கொடுங்கள், வாடகைக்குக் குடியிருப்பவர்களையும் சேர்த்து. தெருவிளக்கு எரியாவிட்டால் கம்பத்து எண்ணைக் குறித்து மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லுங்கள். புகார் எண்ணைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், விளக்கு எரியும்வரை யாராவது விடாமல் கேட்பார்கள்.