புத்தேரிக்காரன் பார்த்த மலை ஊர்கள்: புதிதாக வெளிநாடு போகிறவர்களுக்கு

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வழி கேட்டால் இடது, வலது என்று சொல்கிறவர்கள் குறைவு. "தெக்க போயி, கோயிலு கிட்ட மேக்க திரும்பு" என்பார்கள். புத்தேரிக் குளக்கரையில் நின்றால் வடக்கே மலை. அது தெரிந்துவிட்டால் மற்ற மூன்று திசையும் தானாக வந்துவிடும். நான் முதன்முதலில் வெளிநாட்டில் போய் இறங்கியபோது சோறும் மீன்குழம்பும் இரண்டாம் நாளே கிடைத்துவிட்டன. திசைதான் பிடிபடவில்லை.

இந்த முறை விடுமுறைக்கு வந்தபோது மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவன் கனடாவில் வான்கூவர் பக்கம் படிக்கப் போகிறான். சித்தி மகள் கணவரோடு அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போகிறாள். பக்கத்து வீட்டுப் பெண் மருத்துவம் படிக்க கஜகஸ்தானில் இருக்கிற அல்மாட்டிக்கு. எந்த ஊர் மலை அழகு என்று கேட்டார்கள். படத்தில் எல்லாமே அழகுதான். எடுத்தவன் வெயில் அடித்த நாளாகப் பார்த்து எடுத்திருப்பான். மலை வருடத்தில் எத்தனை நாள் கண்ணில் படும், உங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகை வீட்டிலிருந்து அது தெரியுமா, அந்த மலை ஊருக்குள் என்ன வானிலையைக் கொண்டுவரும் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

வான்கூவரில் நான் ஒன்பது வருடம் இருந்ததால் அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன். அங்கேயும் மலை வடக்கேதான். நகரத்துக்கும் மலைக்கும் நடுவில் கடல் புகுந்து கிடக்கிறது. கட்டடங்கள் மலையை மறைத்துவிடக் கூடாது என்று 1989 முதல் சில இடங்களிலிருந்து தெரியும் காட்சிக்குப் பாதுகாப்பு கொடுத்து, உயரத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள். நாகர்கோவிலில் எழும்புகிற மாடிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஆனால் நவம்பரில் போய் இறங்கினால் மலையைத் தேடத்தான் வேண்டும். மழை என்றால் நம் ஐப்பசி மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. நசநசவென்று நாள்கணக்கில் தூறும். மேகம் பாதி மலைவரை இறங்கி நிற்கும். டிசம்பரில் மாலை நாலேகால் மணிக்கே பொழுது அடைந்துவிடும். அந்த இருட்டு மனசைப் பிடிக்கும், அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குடைக்குப் பதில் தொப்பி வைத்த நல்ல மழைக்கோட்டு வாங்குங்கள். வெயில் எட்டிப் பார்த்தால் அரை மணி நேரமாவது வெளியே நடங்கள்.

அப்புறம் வீடு. புதிதாக வருகிறவர்களுக்கு வான்கூவரை ஒட்டியிருக்கிற சர்ரே பக்கம் கிடைப்பது பெரும்பாலும் பேஸ்மென்ட், அதாவது பாதி மண்ணுக்குள் இருக்கிற கீழ்த்தளம். மலை ஊருக்குப் போய்ப் பாதாளத்தில் குடியிருப்பது என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். வாடகை அங்கேதான் கொஞ்சம் கட்டுப்படியாகும். பரவாயில்லை, ஸ்கைட்ரெயின் என்கிற நகர ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் பாருங்கள். வண்டி பிரேசர் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் வானம் தெளிந்திருந்தால் மலை முழுசாகத் தெரியும், பயணச்சீட்டுக்குக் கொடுத்த காசு அதிலேயே வசூலாகிவிடும்.

மலைக்கே போக வேண்டுமா? வாட்டர்ஃப்ரண்ட் நிலையத்திலிருந்து சீபஸ் என்கிற படகில் 12 நிமிடம். இறங்கிய இடத்தில் 236ஆம் எண் பேருந்து ஏறினால் கிரவுஸ் மலை அடிவாரம். அங்கே இருக்கிற கிரவுஸ் கிரைண்ட் பாதை 2.5 கிலோமீட்டர்தான், ஆனால் சுமார் 800 மீட்டர் உயரம், 2,830 படி. மருந்துவாழ்மலை ஏறின காலை நம்பிப் போய் நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். ஏறுவதற்குக் கட்டணம் கிடையாது. அந்தப் பாதையில் திரும்பி இறங்க விடமாட்டார்கள், விஞ்சில், அதாவது கம்பியில் தொங்கிப் போகிற ரோப்காரில், காசு கொடுத்துத்தான் இறங்க வேண்டும். மற்ற பாதைகளுக்குப் போகும்போது எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று அறைத் தோழனிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வழி தவறினால் தேடி வரும் மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், காசு கேட்கமாட்டார்கள். காசு கேட்பார்களோ என்று பயந்து கூப்பிடாமல் இருந்துவிடாதீர்கள்.

சால்ட் லேக் சிட்டி நம் ஆட்களுக்கென்றே போட்ட ஊர் மாதிரி. நடுவில் மோர்மன்கள் என்கிற கிறிஸ்தவப் பிரிவினரின் கோயில் வளாகம், அதிலிருந்து தெருக்களை எண்ணிக்கொண்டே போயிருக்கிறார்கள். முகவரியே "900 கிழக்கு, 1300 தெற்கு" என்கிற கணக்கில்தான் இருக்கும். கிழக்கே வாசாட்ச் மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கும். ஊரே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரம், காற்று வறண்டது. முதல் இரண்டு வாரம் உதடு வெடிக்கும், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

இந்த ஊரின் குறை குளிர்காலத்தில் தெரியும். மலைகளுக்கு நடுவே கிண்ணம் மாதிரி கிடக்கும் பள்ளத்தில் குளிர்காற்று தங்கிவிடும், மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டுவிடும். வண்டிப் புகையெல்லாம் உள்ளேயே சுற்றும். பின்னால் நிற்கிற மலையே மங்கிப்போகும். ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் இதை விசாரிக்காமல் போகாதீர்கள். பக்கத்து ஊரான சவுத் ஜோர்டனில் பிள்ளையார் கோயில் இருக்கிறது, நம் ஆட்களை அங்கே பிடித்துவிடலாம்.

அல்மாட்டிக்குப் போகிற பிள்ளைக்கு ஒன்றுதான் சொன்னேன்: உன் திசைகாட்டியைத் தலைகீழாகத் திருப்பிக்கொள். அங்கே மலை தெற்கே. ஊர் மலையிலிருந்து சரிந்து இறங்குவதால் உள்ளூர்க்காரர்கள் வழி சொல்லும்போது "மேலே" என்றால் தெற்கு, "கீழே" என்றால் வடக்கு. தெருவோரம் மலைத் தண்ணீர் ஓடும் சின்ன வாய்க்கால்கள், ஆரிக் என்பார்கள். நாஞ்சில் நாட்டு வாய்க்கால் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது சட்டென்று ஒட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் நிலக்கரிப் புகை கீழ்ப்பகுதியில் அடையும், மேல்பகுதியில் காற்று கொஞ்சம் தேவலாம், வாடகையும் அதற்கேற்ப ஏறும். வழுக்காத காலணியை அங்கே போய் வாங்குவதே நல்லது. நாகர்கோவிலில் வாங்கிய ஷூ பனிக்கட்டியில் பிடிக்காது.

சரி, அழகு மட்டும் என்றால்? தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன்தான். கப்பலில் வேலை பார்த்த என் மச்சான் எத்தனையோ துறைமுகம் பார்த்தவர், அவரும் அதைத்தான் சொல்வார். 1,086 மீட்டர் உயரத்தில் மேசை மாதிரி தட்டையான மலை, அதன் மேல் வெள்ளைத் துணி விரித்த மாதிரி மேகம். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையேறிக் குளிர்ந்து மேகமாகிறது, மறுபக்கம் இறங்கும்போது கரைந்துபோகிறது. அந்தத் தென்கிழக்குக் காற்று ஆரல்வாய்மொழிக் காற்றுக்குச் சளைத்ததில்லை. பலமாக அடித்தால் மேலே போகும் விஞ்ச் ஓடாது, அன்றன்றைக்கு விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். தனியாக மலைப்பாதையில் நடக்காதீர்கள், வழிப்பறி உண்டு.

நம் ஊரிலிருந்து நிறையப் பேர் போகிற மஸ்கட்டை மலை ஊர் என்று யாரும் சொல்வதில்லை. நான் அங்கே ரூவி என்கிற பகுதியில் நான்கு வருடம் இருந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான், ஒரு மரம் கிடையாது. கோடையில் பகலெல்லாம் குடித்த வெயிலைப் பாறை ராத்திரி திருப்பிக் கொடுக்கும். அங்கே பயப்பட வேண்டியது மழைக்கு. காய்ந்து கிடக்கிற ஓடையை வாதி என்பார்கள். எங்கோ மலையில் பெய்த மழை, இங்கே தூறல்கூட இல்லாதபோது அதில் வெள்ளமாக வந்து நிற்கும். முன்னால் போகிற வண்டி கடந்துவிட்டதே என்று நீங்களும் இறக்கிவிடாதீர்கள், அபராதமும் உண்டு, உயிரும் போகும். கரையில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் வடிகிறவரை காத்திருங்கள். பிளாஸ்கில் சாயா இருந்தால் நல்லது.