இடித்த வீட்டுச் சாமானில் தோட்டத்துக் கட்டடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், தோட்டத்தில் மாட்டுக் கொட்டகையோ மோட்டார் ரூமோ தங்க ஒரு சின்ன அறையோ கட்ட நினைக்கிறவர்கள் எல்லாரும் அங்கே போய் நிற்போம். நிலை, கதவு, உத்திரம், மங்களூர் ஓடு, செங்கல், கருங்கல் படி என்று எல்லாம் கண்ணெதிரே குவிந்து கிடக்கும். நூறு வருஷம் வைரம் பாய்ந்த தேக்கை அடுப்புக்கு அனுப்பிவிட்டு, நாலே மழையில் உப்பிப்போகிற பலகையைப் புதிதாக வாங்குவது எனக்கு மனசு ஒப்பாத காரியம். அதனால்தான் இதை எழுதுகிறேன். பழைய பொருளில் கட்டி, அது சரியாக வராமல் போனால், "பழசு பழசுதான்" என்று சொல்லி அடுத்த வீட்டுச் சாமானை நேராகக் காயலான் கடைக்கு ஏற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் தவறு பொருளில் இல்லை, அதை நாம் பயன்படுத்தும் விதத்தில்தான் இருக்கிறது.

எதைக் கையில் எடுத்தாலும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது இதுவரை என்ன வேலை பார்த்தது? அதே வேலையையோ அதைவிட லேசான வேலையையோ கொடுத்தால் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். அதைவிடக் கனமான வேலையை அதன் தலையில் ஏற்றினால்தான் வம்பு.

சுவரை எழுப்பிவிட்டுக் கதவு தேடுவது

எங்கள் தோட்டத்து அறையில் நாங்கள் செய்த முதல் தவறு இதுதான். மூன்றுக்கு ஏழு அடி என்று வாசல் விட்டு, வாசலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் வரை சுவரை ஏற்றிவிட்டு, அப்புறம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு நிலை பார்க்கப் போனோம். அங்கே வரிசையாகப் பழைய சாமான் கடைகள். பிடித்துப்போன நிலை ஆறடி உயரம்கூட இல்லை, அகலமோ நான்கடிக்கு மேல். கட்டிய சுவரை இரண்டு பக்கமும் உடைத்து, மேலே விழுந்த இடைவெளியைச் செங்கல் வைத்து அடைத்தோம். இன்றைக்கும் அந்த இடத்தில் பூச்சில் கோடு தெரிகிறது.

பழைய பொருளில் கட்டும்போது வரிசை தலைகீழ். முதலில் நிலையும் ஜன்னலும் உத்திரமும் கைக்கு வர வேண்டும், டேப் வைத்து அளந்து எழுத வேண்டும், அதற்குப் பிறகுதான் பிளான்.

கதவை மட்டும் தனியாக வாங்காதீர்கள். பழைய கதவுகளில் பலவற்றுக்குக் கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமி, நிலையில் உள்ள குழியில் சுழலும். அந்த நிலை இல்லாமல் அந்தக் கதவுக்கு வேலை இல்லை. நிலையை வண்டியில் ஏற்றும் முன் குறுக்காக ஒரு சட்டம் அடித்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு குலுக்கலில் கோணிக்கொண்டால் பிறகு கதவு சாத்தாது.

மரத்தின் நடுவைப் பார்த்து ஏமாறுவது

உத்திரத்தைத் தட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் நடுவில்தான் தட்டுகிறார்கள். நடுப்பகுதி வீட்டுக்குள் நிழலில், காற்றோட்டத்தில் இருந்தது. அது நன்றாகத்தான் இருக்கும். சுவருக்குள் புதைந்திருந்த இரண்டு முனைகள்தான் மழை ஈரத்தையும் கரையானையும் வாங்கியவை. எங்களுக்கு வேலை செய்த ஆசாரி கையில் ஒரு திருப்புளியோடு வருவார். முனையில் வைத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து. மேலே பார்த்தால் கெட்டியாக இருந்த மரத்தில் திருப்புளி பாதி வரை இறங்கியது. "தம்பி, இது இத்துப்போச்சு, இங்கேருந்து ஒரு அடி போகட்டும்" என்று சாக்பீஸால் கோடு போட்டார்.

அந்த ஓரடியைக் கணக்கில் எடுக்காமல் விலை பேசக்கூடாது. பன்னிரண்டு அடி உத்திரத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி போனால் மிச்சம் பத்து. இரண்டு சுவரிலும் முக்கால் அடி உட்கார வேண்டும். ஆக அறையின் உள் அகலம் எட்டரை அடிதான். பன்னிரண்டு அடி மரம் இருக்கிறதே என்று பத்தடி அறைக்குக் கடைக்கால் தோண்டியவர்கள் பின்னால் முனையில் ஒட்டுப் போடுகிறார்கள். அது ஆபத்து.

சின்னத் துளைகள் இருந்தால் மரத்தைக் கவிழ்த்துத் தட்டுங்கள். துளை பழசாகிக் கறுத்து, எதுவும் கொட்டவில்லை என்றால் வண்டு போய் நாளாகிவிட்டது. மாவு போல வெளுத்த தூள் கொட்டினால் உள்ளே இன்னும் வேலை நடக்கிறது. அதை மற்ற மரங்களோடு சேர்த்து அடுக்கவே கூடாது.

அடுத்தது, மரத்தைப் படுக்கவைப்பது. நாலுக்கு ஆறு அங்குல மரம் என்றால் ஆறு அங்குலம் செங்குத்தாக நிற்க வேண்டும். உட்கார வாகாக இருக்கிறது என்று படுக்கப் போட்டால் வலுவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், தொய்வு இரண்டு மடங்குக்கும் மேலே ஆகும். மரம் அதேதான், செலவும் அதேதான், திருப்பி வைத்ததில் மட்டும் இவ்வளவு நஷ்டம். பழைய மரத்தில் முன்பு வேறு சட்டம் கோத்த துளைகளும் வெட்டுகளும் இருக்கும். அந்த வெட்டு நடுவில், அடிப்பக்கம் வந்தால் அங்கேதான் முறியும். மேல்பக்கமும் சுவர் ஓரமும் வருகிற மாதிரி திருப்பிப் பாருங்கள். முடியாவிட்டால் அது உத்திரம் இல்லை, ஜன்னல் சட்டத்துக்குத்தான் லாயக்கு.

ஆணிகளைப் பிடுங்காமல் அறுவை மில்லுக்கு அனுப்பாதீர்கள். பிளேடு முறிந்தால் மில்காரர் அடுத்த தடவை உங்கள் மரத்தைத் தொடமாட்டார். மரத்தூணை மண்ணில் நேராகப் புதைக்கவும் வேண்டாம். அடியில் ஒரு கல்லை வைத்து அதன் மேல் நிறுத்துங்கள். பழைய வீடுகளின் தாழ்வாரத்தைப் பார்த்தால் எல்லாத் தூணும் அப்படித்தான் நின்றிருக்கும்.

ஓடுகளை எண்ணி வாங்கி, பெயரைப் பார்க்காமல் விடுவது

மங்களூர் ஓட்டுத் தொழிலை 1860களில் பாசல் மிஷன் என்ற ஐரோப்பியக் கிறிஸ்தவ அமைப்பு அங்கே தொடங்கியது. பிறகு தென்னிந்தியாவின் மேற்குக் கடலோரத்தில் எத்தனையோ தொழிற்சாலைகள் வந்தன. ஒவ்வொன்றும் தன் பெயரை ஓட்டில் அச்சாகக் குத்தியிருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒரே ஓடு. ஆனால் அச்சு வேறு, அதனால் ஒன்றின் மேல் ஒன்று கொக்கி போட்டு உட்காரும் பள்ளமும் மேடும் வேறு. இரண்டு வீட்டு ஓடுகளைக் கலந்து மேய்ந்தால் ஒரு நூல் அளவு இடைவெளி விழும். சாரல் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். ஆகவே பெயர் பார்த்துப் பிரித்து வையுங்கள். ஒரே பெயர் ஓடு கூரையின் ஒரு பக்கத்துக்கு முழுசாக வர வேண்டும். மிச்சமிருப்பதைத் திண்ணைச் சாய்ப்புக்கு வையுங்கள்.

ஓடு கொக்கி மாட்டி நிற்கிற குறுக்குச் சட்டம்தான் ரீப்பர். அதை யாரோ சொன்ன இடைவெளியில் அடிக்காதீர்கள். தரையில் பத்து ஓட்டைக் கவிழ்த்து, கொக்கி மாட்டி வரிசையாக அடுக்குங்கள். எல்லாவற்றையும் இழுத்துவிட்டு முதல் ஓட்டின் கொக்கியிலிருந்து பத்தாவது ஓட்டின் கொக்கி வரை ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள், நெருக்கித் தள்ளி ஒரு தடவை. இரண்டுக்கும் நடுவில் வருகிற அளவை ஒன்பதால் வகுத்தால் வருவதுதான் உங்கள் ஓட்டுக்கு உரிய இடைவெளி. அரைமணி நேர வேலை இது. இதைச் செய்யாமல் ரீப்பர் முழுக்க அடித்துவிட்டுத் திரும்பப் பிடுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வோர் ஓட்டையும் விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் சரி. சத்தம் அமுங்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. முகட்டு ஓட்டை முதலில் எண்ணுங்கள், இடிக்கும்போது அதிகம் உடைவது அதுதான். சாய்வு, இரண்டடி கிடைக்கு ஓரடி உயரமாவது இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் காற்றடிக்கும்போது தண்ணீர் ஓட்டுக்கு மேல்பக்கமாக ஏறும்.

பாரம் இன்னொன்று. நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 140 ஓடு பிடிக்கும். ஓடு இரண்டரை கிலோ என்றால் 350 கிலோ, மழையில் நனைந்தால் இன்னும் கூடும். கீற்றுக் கொட்டகைக்குப் போட்ட சவுக்குக் கம்பில் ஓட்டை ஏற்றக்கூடாது. கீற்றைத் தாங்கிய கம்புக்கு ஓடு கனமான வேலை.

செங்கல், சுண்ணாம்பு, கல்

மண்ணிலோ சுண்ணாம்பிலோ கட்டிய சுவரின் செங்கல் கையால் தட்டினாலே காரை உதிர்ந்து சுத்தமாக வரும். சிமெண்டில் கட்டியது அப்படி வராது. ஒன்று கல் உடையும், இல்லாவிட்டால் சிமெண்ட் ஒட்டியபடியே வரும், அதன் மேல் புதுக் கலவை பிடிக்காது. அதைச் சுவருக்கு வைக்காமல் தரைக்கு அடியில் நிரப்பக் கொடுத்துவிடலாம்.

ஒரு செங்கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துத் திரும்ப எடை போடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் வெளிச்சுவருக்கு வேண்டாம். கழிவறை, மாட்டுத்தொழுவம், அடிச்சுவர் ஆகிய இடங்களிலிருந்து வந்த கல்லில் உப்பு இருக்கும். ஒரு தட்டில் ஓர் அங்குலத் தண்ணீர் விட்டு அதில் கல்லை நிற்கவைத்துக் காயவிடுங்கள். மேலே வெள்ளையாகப் பூத்தால், நாளைக்கு உங்கள் பூச்சையும் அதே உப்புதான் தள்ளிவிடும்.

பழைய சுண்ணாம்புச் சுவர் ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் கட்டுகிறவர்கள் அதன் மேல் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை மூடிவிடுகிறது. ஈரம் உள்ளே நின்று சுவரை அரிக்கும். அதற்குச் சுண்ணாம்புப் பூச்சேதான் வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் கலவை குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் செட்டிநாட்டுப் பக்கம் இருக்கிறார்கள்.

கருங்கல் பாரத்தை நேராகத் தாங்கும், வளைவைத் தாங்காது. தரையில் கிடந்த பலகைக்கல்லையும் படிக்கல்லையும் வாசலுக்கு மேலே தூக்கி வைக்காதீர்கள். முன்பே உத்திரமாக இருந்த கல் என்றாலும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். மேற்பரப்பு காய்ந்த பிறகும் மெல்லிய கோடு ஒன்று ஈரமாகவே நின்றால் அது விரிசல்.

பழைய கம்பியை நிமிர்த்தி கான்கிரீட்டில் போடுவது

இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. இடித்த கான்கிரீட்டிலிருந்து பிடுங்கிய கம்பியைச் சுத்தியலால் நிமிர்த்தித் தூணுக்கும் தளத்துக்கும் போடக்கூடாது. ஒருமுறை வளைந்து நிமிர்ந்த இடத்தில் கம்பி ஏற்கெனவே பலவீனப்பட்டிருக்கும், துரு எவ்வளவு தின்றது என்றும் தெரியாது. வேலி, கொடிப்பந்தல், ஜன்னல் கிரில் என்று வேறு வேலை நிறைய இருக்கிறது. தலைக்கு மேலே நிற்கிற கான்கிரீட்டுக்குப் புதுக் கம்பிதான்.

தண்டவாளத் துண்டை உத்திரமாகப் போடும் வழக்கம் உண்டு. ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, வைத்திருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கூரையை வைத்துவிட்டுக் கட்டாமல் விடுவது

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. புதுக்கோட்டை வரை உள்ளே வந்து அடித்தது. எங்கள் கொட்டகையின் சுவரில் ஒரு கீறல் இல்லை. ஆனால் கூரை இல்லை. பழைய கனமான உத்திரம், சும்மா சுவர் மேல் உட்கார்ந்தால் போதும் என்று இருந்துவிட்டோம். காற்று கூரையை அழுத்துவதைவிட மேலே தூக்குவதுதான் அதிகம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இப்போது சுவர் கட்டும்போதே இரண்டு, மூன்றடி கீழிருந்து இரும்புப் பட்டையைப் புதைத்து மேலே கொண்டுவந்து, உத்திரத்தைச் சுற்றிப் போல்ட் போட்டிருக்கிறோம். உத்திரத்தோடு சாய்வாக இறங்கும் கைமரம், கைமரத்தோடு ரீப்பர் என்று ஒன்றோடொன்று பிடித்திருக்க வேண்டும். பழைய நெளிதகரமாக இருந்தால் முந்தைய ஆணித்துளைகள் புது ரீப்பருக்கு நேராக வராது. துளைகளை அடைத்துவிட்டு, புதுத் துளையை நெளிவின் மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் அல்ல. பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடும்.

உடம்புக்குக் கேடானவை

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை இன்னும் பல ஊர்களில் சிமெண்ட் ஷீட் என்றுதான் சொல்கிறோம். பழைய ஷீட்டை உடைக்கவோ அறுக்கவோ துளைக்கவோ தேய்த்துக் கழுவவோ கூடாது. அதன் நார்த்தூள் நுரையீரல் புற்றுநோய் தரும். நோய் வெளியே தெரிய இருபது, முப்பது வருஷம்கூட ஆகலாம். அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. அதன் மேல் ஏறி நடப்பதும் வேண்டாம், நாள்பட்ட ஷீட் ஆளோடு சேர்ந்து உடையும். இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்பதுதான் என் எண்ணம்.

பழைய கதவின் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு, என்று நம் நாட்டில் வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஆகவே தீ வைத்து உரிக்காதீர்கள், உலர்ந்த மணல்தாளால் தேய்க்காதீர்கள். நனைத்துச் சுரண்டி, சுரண்டியதை அள்ளிக் கட்டிவிடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம். ரயில்வே ஸ்லீப்பர் கட்டையில் ஊறியிருக்கும் கறுப்பு எண்ணெயும் நஞ்சுதான், படுக்கும் அறைக்கு அது ஆகாது.

வயரும் சுவிட்சும் பழசாக வேண்டவே வேண்டாம், புதிதாக வாங்கி எர்த் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக டிரம். கம்பெனியிலிருந்து வரும் காலி இரும்பு டிரம்மைப் பாதியாக அறுத்துத் தொட்டி செய்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. உள்ளே தின்னரோ டீசலோ இருந்திருந்தால், காலியான டிரம்மிலும் ஆவி நிற்கும். வெல்டிங் பொறி பட்டால் அது குண்டு மாதிரி வெடிக்கும். நீல நிற பிளாஸ்டிக் டிரம் என்றாலும், அதில் என்ன ரசாயனம் வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. குடிக்கும் தண்ணீருக்கு மட்டுமல்ல, மாட்டுக்குக் கழுநீர் ஊற்றவும் அதை வைக்காதீர்கள். பழைய வீட்டுத் தொழுவத்தில் கல்தொட்டி கிடக்கிறதா என்று பாருங்கள். கனம் என்று அதை யாரும் தூக்கமாட்டார்கள், பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். நாலு பேரும் இரண்டு உருளைக் கட்டையும் இருந்தால் வண்டியில் ஏற்றிவிடலாம்.