பழைய விசா மறுப்பு இருக்கிறதா? ஆஸ்திரேலிய வேலை விசாவுக்கு நான் போன வழி

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் டீசல் மெக்கானிக் நான். பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் வாய்தான் இன்னும் மாறவில்லை. 2018-இல் ஆஸ்திரேலிய மாணவர் விசா கேட்டேன், மறுத்துவிட்டார்கள். போன மாதம் அதே நாட்டின் 482 வேலை விசா (அங்குள்ள முதலாளி ஸ்பான்சர் செய்வது) கிடைத்தது. பட்டறைக்கு லோரி கொண்டுவருகிறவர்கள் எல்லாரும், "ரிஜெக்ட் ஆனவனுக்கு எப்படிக் கொடுத்தான்?" என்றுதான் கேட்கிறார்கள்.

முதல் வேலை, மறுப்புக் கடிதத்தைக் கையில் எடுப்பது. என்னிடம் அது இல்லை. 8,000 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிய ஏஜெண்ட் தன் ஈமெயிலிலேயே என் கணக்கைத் திறந்திருந்தார். "கிடைக்கலப்பா" என்றதோடு சரி. உங்களுக்கும் இதே கதை என்றால், ஆஸ்திரேலிய உள்துறையிடம் தகவல் சுதந்திரச் சட்டப்படி உங்கள் கோப்பைக் கேளுங்கள். இணையத்திலேயே கேட்கலாம், சொந்தக் கோப்புக்குக் கட்டணம் இல்லை. சட்டம் 30 நாள் என்கிறது. எனக்கு இன்னும் இழுத்தது.

கோப்பு வந்த இரவு சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். என் பெயரில் போன விளக்கக் கடிதத்தில், "படிப்பு முடிந்ததும் திருச்சிக்குத் திரும்பி அப்பாவின் பட்டறையைப் பார்த்துக்கொள்வேன்" என்று இருந்தது. என் அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். திருச்சியை நான் கண்ணால் கண்டதில்லை. வேறு யாருக்கோ எழுதியதை அப்படியே ஒட்டியிருக்கிறார்!

மறுப்புக் கடிதத்தில் தேட வேண்டியது, எந்த விதிப்படி மறுத்தார்கள் என்ற பிரிவு எண். எனக்கு 500.212. படிக்க மட்டும்தான் வருகிறான் என்று அதிகாரி நம்பவில்லை, அவ்வளவுதான். அது மாணவர் விசாவின் நிபந்தனை. வேலை விசாவில் பார்ப்பது வேறு: முதலாளியின் ஸ்பான்சர் தகுதி, அந்த வேலை நிஜமானதா, குறைந்தது ஒரு வருட அனுபவம், ஆங்கிலம், உடல்நலம், நன்னடத்தை. பழைய மறுப்பு தானாக வந்து குறுக்கே நிற்பதில்லை.

4020 என்று இருந்தால் கதையே வேறு. பொய்த் தகவல் அல்லது போலிப் பத்திரம் என்று அர்த்தம். 3 வருடத் தடை, அடையாளமே பொய் என்றால் 10 வருடம். திருச்சிக் கதைக்கு அந்த எண் விழாமல் போனது என் நல்ல நேரம். ஏஜெண்ட் எழுதினாலும் விண்ணப்பம் நம் பெயரில்தானே போகிறது.

அப்புறம் அந்தக் கேள்வி: எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா? 'ஆம்' போடுங்கள். "வேற நாட்டுக்காரன் மறுத்தது இவனுக்கு எப்படித் தெரியும்" என்று கோப்பிக்கடையில் சொல்வார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, பிரிட்டன், அமெரிக்கா ஐந்தும் குடிநுழைவுத் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. மறைத்தால் அதுவே 4020-இல் கொண்டுபோய்விடும். விசா வந்த பிறகு தெரிந்தாலும் ரத்து செய்யலாம். ஏற்கெனவே 'இல்லை' போட்டு அனுப்பிவிட்டீர்களா? 1023 படிவம் அதற்குத்தான். அவர்கள் கேட்கும் முன் அனுப்புங்கள்.

விளக்கம் எழுதும் இடத்தில் கதை வேண்டாம். ஏஜெண்டைத் திட்டி ஒரு பக்கம் எழுதியிருந்தேன், மனைவி படித்துவிட்டு, "இத அவங்க எதுக்குங்க படிக்கணும்?" என்றாள். அழித்துவிட்டு மூன்று வரி எழுதினேன்: எப்போது, எந்த விசா, எந்தப் பிரிவு, அந்த விளக்கக் கடிதம் நான் எழுதியதல்ல, அதில் தப்பு இன்னது. மறுப்புக் கடிதத்தையும் இணைத்தேன். கூடவே சம்பளச் சீட்டுகள், 6 வருட இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை. மாதாமாதம் ஒரே பட்டறையின் பெயர் அதில் வரிசையாக நிற்கும். அதைவிட நல்ல அனுபவச் சான்று என்னிடம் இல்லை. ஸ்பான்சர் முதலாளியிடமும் பழைய மறுப்பை முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டேன்.

இந்த முறை கணக்கு என் ஈமெயிலில். ஏஜெண்ட் வேண்டும் என்றால், குடிநுழைவு ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் ஆஸ்திரேலிய அமைப்பான ஓமாராவின் பட்டியலில் அவருடைய 7 இலக்கப் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே தொழில் செய்பவருக்குப் பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்தவர் மேல் புகார் கொடுக்க இடமாவது உண்டு. என் பழைய ஏஜெண்டையும் தேடினேன். இல்லை.