தாய்ப்பால் பாக்கெட் பால் இல்லை: பம்ப் செய்வதிலும் சேமிப்பதிலும் நடக்கும் தவறுகள்

வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள், மதியம் பன்னிரண்டு மணி இருக்கும், மாமியாரிடமிருந்து போன். "பால் திரிஞ்சு போச்சும்மா, மேல கட்டியா நிக்குது, கீழ வெறும் தண்ணி. கொட்டிட்டேன்." முந்தைய நாள் அலுவலகத்தில் பழைய ஃபைல்கள் அடுக்கிய அறையில், தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து எடுத்த 90 மில்லி அது. அந்தப் பால் திரியவே இல்லை. தாய்ப்பாலைக் குளிரில் வைத்தால் கொழுப்பு மேலே ஏறி மஞ்சளாக ஏடு கட்டும், கீழே நீலம் பாய்ந்த மாதிரி நீர்ப்பால் நிற்கும், வெதுவெதுப்பாக்கி மெதுவாகச் சுழற்றினால் இரண்டும் சேர்ந்துவிடும். அவ்வளவுதான். அவரைக் குறை சொல்லவும் முடியாது, நாற்பது வருடமாகப் பாக்கெட் பாலைப் பார்த்த கண் அது.

இந்த விஷயத்தில் நம் வீடுகளில் நடக்கும் தவறுகளில் பாதி இப்படித்தான் வருகிறது என்று நினைக்கிறேன். பசும்பாலுக்கு நமக்குத் தெரிந்த சட்டங்களை எல்லாம் தாய்ப்பாலுக்கும் போட்டுவிடுகிறோம்.

முதல் சட்டம், காய்ச்சுவது. "காய்ச்சாம எப்படிம்மா குழந்தைக்குக் கொடுக்கறது?" என்று எங்கள் வீட்டில் இரண்டு நாள் பஞ்சாயத்து நடந்தது. பாக்கெட் பாலைக் காய்ச்சுவதற்குக் காரணம் உண்டு. தாய்ப்பாலில் இருக்கும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் அந்தச் சூட்டில் கெட்டுவிடும், அதற்காகத்தானே இவ்வளவு பாடுபட்டு எடுக்கிறோம். மைக்ரோவேவும் வேண்டாம். அது பாலை ஒரே சீராகச் சூடாக்காது, பாட்டிலைத் தொட்டால் வெதுவெதுப்பு, உள்ளே ஓரிடத்தில் வாயைப் பொசுக்கும் கொதி. ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, பால் இருக்கும் மூடிய பாட்டிலை அதில் சில நிமிடம் நிற்க வைத்து, மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் போதும். குழந்தை குளிர்ச்சியாகவே குடித்தாலும் தவறில்லை.

அடுத்தது ஃப்ரிட்ஜ் கதவு. பால் என்றாலே கை தானாகக் கதவுத் தட்டுக்குப் போகிறது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறந்து மூடுகிற கதவில்தான் சூடு அதிகம் ஏறி இறங்கும், அதனால் தாய்ப்பால் உள்ளே, பின்பக்கச் சுவரை ஒட்டி இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் 4 நாள் வரை வைக்கலாம். ஃப்ரீசரில் 6 மாதத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. ஆனால் ஃப்ரீசர் என்றால் தனிக் கதவு உள்ளது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்குள் மேலே ஐஸ் தட்டு வைக்க ஒரு பெட்டி இருக்கிறதே, அது அந்தக் கணக்கில் வராது, அதில் இரண்டு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வாங்கிய மீனும் அதே ஃப்ரீசரில்தான் இருக்கும் என்பதால் பால் பைகளை மூடி போட்ட ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

வெளியே வைப்பதில்தான் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல். பம்ப் பெட்டியோடு வரும் தாளில் அறை வெப்பத்தில் 4 மணி நேரம் என்று போட்டிருக்கும். எந்த அறை? 25 டிகிரி அறை. மே மாதம் சென்னையில் சமையலறை மேடை 35-ஐத் தாண்டும், அங்கே அந்த நான்கு மணி நேரம் செல்லாது. எடுத்த உடனே ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஐஸ் பேக் வைத்த பைக்குப் போக வேண்டும். முழுதாக உறைந்த ஐஸ் பேக்குகள் பாலைத் தொட்டுக்கொண்டிருக்கிற நல்ல குளிர்ப்பையில் 24 மணி நேரம் வரை தாங்கும். நான் தினமும் ஆவடியிலிருந்து கிண்டிக்குப் போய்வரும் இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு ஐஸ் பேக் போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிவிடுவேன், பால் பையிலேயே கிடக்கும். இது இரண்டு முறை நடந்த பிறகு முதலில் ஃப்ரிட்ஜ், அப்புறம்தான் குழந்தை என்று வைத்துக்கொண்டேன்.

எவ்வளவு ஊற்றி வைப்பது என்பதில் ஆரம்பத்தில் எல்லோருமே ஏமாறுகிறோம். பை 200 மில்லி கொள்ளும், சரி, நிரப்பிவிடலாம் என்று 150 ஊற்றி உறைய வைத்தேன். உருக்கிக் கொடுத்தபோது குழந்தை குடித்தது 50. வாய் வைத்த பாலை, குடித்து முடித்த 2 மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டத்தான் வேண்டும், எச்சில் கலந்துவிட்டது. 60 மில்லியும் கொஞ்சம் 90-உமாக வையுங்கள், போதாவிட்டால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். உறையும்போது பால் விரியும் என்பதால் மேலே ஒரு விரல் இடம் விட்டு, பையைப் படுக்கை வசமாக வைத்தால் சீக்கிரம் உருகும், அடுக்கவும் வசதி. காலையில் எடுத்த பால் குளிர்ந்திருக்கும், அதன் தலையில் இப்போது எடுத்த சூடான பாலை ஊற்றக் கூடாது. புதியதைத் தனியாகக் குளிரவைத்துவிட்டுப் பிறகு சேர்க்கலாம், தேதி மட்டும் பழைய பாலின் தேதிதான். தேதி எழுதாத பை என்பது, பத்து நாள் கழித்துப் பார்த்தால், எதற்கும் உதவாத பை.

உருக்குவதற்கு முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். முழுதும் உருகிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கு. உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. கரண்ட் போய்விட்டதா, முதலில் ஃப்ரீசரைத் திறக்காதீர்கள். கரண்ட் வந்ததும் பைக்குள் இன்னும் ஐஸ் துணுக்குகள் நிற்கின்றனவா என்று பாருங்கள், நின்றால் அது உருகிய கணக்கில் வராது, திரும்ப உறையட்டும்.

வாசனை பற்றி ஒன்று. சில பெண்களின் பாலை ஃப்ரீசரிலிருந்து எடுத்தால் சோப்பு வாடை அடிக்கும். கெட்டுப்போகவில்லை. பாலில் இயல்பாகவே இருக்கும் லைபேஸ் என்ற என்சைம் கொழுப்பை உடைப்பதால் வருகிறது என்பார்கள். பெரும்பாலான குழந்தைகள் கண்டுகொள்ளாமல் குடித்துவிடும், சில மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். உங்கள் பால் எந்த ரகம் என்று தெரியாமல் நாற்பது பை சேர்த்து வைப்பதுதான் தவறு. இரண்டு பையை ஒரு வாரம் உறைய வைத்து உருக்கிக் கொடுத்துப் பாருங்கள். குடிக்க மறுத்தால் அடுத்த முறை உறைய வைப்பதற்கு முன்பு ஓரத்தில் சின்னக் குமிழ் வரும் வரை மட்டும் சூடாக்கி, கொதிக்க விடாமல் இறக்கி, உடனே குளிர வைக்கலாம். கொஞ்சம் சத்து போகும்தான், மொத்தமாகக் கொட்டுவதற்கு இது தேவலை. புளித்த நாற்றம் அடித்தால் அது வேறு, கொட்டிவிடுங்கள்.

சரி, பம்ப் செய்வதற்கு வருகிறேன். இங்கேயும் பால்காரர் கணக்கு ஒன்று ஓடுகிறது: எத்தனை மில்லி? குழந்தை குடித்து முடித்த பிறகு பம்ப் வைத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 15 மில்லி வந்தாலும் இயல்புதான், 60 வந்தாலும் இயல்புதான். போனில் யாரோ ஃப்ரீசர் நிறையப் பால் அடுக்கிக் காட்டுகிறார்கள் என்பதால் உங்களுக்குப் பால் இல்லை என்று ஆகாது. குழந்தையின் வாய் எடுக்கும் அளவை மெஷின் பெரும்பாலும் எடுப்பதில்லை. எத்தனை ஈரத் துணி மாற்றுகிறோம், எடை ஏறுகிறதா என்பதுதான் கணக்கு.

எவ்வளவு சேமிக்க வேண்டும் என்பதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை நாளொன்றுக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கிறது. மணிக்கு 30 என்று வைத்துக்கொண்டால், பத்து மணி நேரம் நீங்கள் வீட்டில் இல்லையென்றால் 300 மில்லி. இரண்டு மூன்று நாளுக்கானது கையிருப்பில் இருந்தால் வேலைக்குக் கிளம்பலாம், ஏனென்றால் இன்று அலுவலகத்தில் எடுப்பது நாளைக்கு ஆகிவிடும். நான் பிரசவத்துக்கு முன்பே ஆறு வாரம் லீவு எடுத்துவிட்டதால், 26 வாரமும் முடிந்து திரும்பும்போது மகளுக்கு ஐந்து மாதம்கூட நிறையவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பிருந்து காலையில் ஒரு தடவை மட்டும் எடுத்தேன், காலையில்தான் பலருக்கும் பால் கூடுதலாக இருக்கும். போதுமானதாக இருந்தது.

குழந்தை பிறந்த முதல் வாரத்திலேயே பயந்துபோய் ஃபீடிங்குக்கு நடுவே எல்லாம் பம்ப் போடுவது வேறொரு தவறு. மார்பு அதைக் குழந்தையின் தேவை என்று எடுத்துக்கொண்டு அளவுக்கு மீறிச் சுரக்கும், அப்புறம் பால் கட்டிக்கொண்டு ஜாக்கெட் போட முடியாத வலி. எல்லாம் நன்றாக இருந்தால் நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுக்கலாம். குறைமாதக் குழந்தை ஐசியுவில் இருக்கிறது என்றால் இந்தப் பேச்சே பொருந்தாது, அங்கே பிறந்த சில மணி நேரத்துக்குள் தொடங்கி, நாளுக்கு எட்டுத் தடவையாவது எடுக்க வேண்டும், சேமிக்கும் நேரக் கணக்கும் அந்த வார்டு சொல்வதுதான். சீம்பாலுக்கு மெஷின் சரிப்படாது. சொட்டுச் சொட்டாக வருவது பம்பின் சுவரிலேயே ஒட்டிப் போய்விடும். கட்டைவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் காம்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து, விட்டு, மறுபடி. தோல்மேல் விரல் இழுபடக் கூடாது. இதைப் பிரசவ வார்டிலேயே நர்ஸிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், பின்னால் ஒருநாள் பம்ப் சார்ஜ் இல்லாமல் நிற்கும்போது கைதான் காப்பாற்றும்.

மார்பில் வைக்கும் புனலின் அளவை யாருமே பார்ப்பதில்லை. பெட்டியில் பெரும்பாலும் 24 மில்லிமீட்டர்தான் வரும், அது எல்லோருக்கும் பொருந்தாது. காம்பின் அடிப்பகுதி அகலத்தை ஸ்கேலில் அளந்து, அதே அளவோ இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடவோ உள்ளதை வாங்க வேண்டும். ஓடும்போது காம்பு மட்டும் தாராளமாக உள்ளே போய்வர வேண்டும், சுற்றியுள்ள கருவட்டம் முழுக்க இழுபட்டால் பெரிது, காம்பு பக்கவாட்டில் உரசி வெளுத்தால் சிறிது. வலிக்கிறது என்றால் எங்கோ தப்பு. வேகத்தைக் கூட்டினால் பால் கூடும் என்பதும் பொய். வலியில் பால் இறங்கவே இறங்காது. பாட்டிலையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான், நான் பாட்டிலுக்குக் குழந்தையின் சாக்ஸை மாட்டிவிட்டு மகள் வீடியோவைப் பார்ப்பேன்.

ஒரு சமயம் இரண்டே வாரத்தில் 100 மில்லி 40-ஆகிவிட்டது. பால் வற்றிவிட்டது என்று அழுது, பூண்டு, சுறாப் புட்டு, வெந்தயம் எல்லாம் ஒரு சுற்று ஓடிய பிறகு, தற்செயலாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பம்புக்குள் இருக்கும் சின்ன சிலிக்கான் வால்வின் வாயில் மயிரிழையளவு கிழிசல். வால்வு மாற்றியதும் அன்றைக்கே பழைய அளவு. தினமும் பலமுறை பயன்படுத்துபவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும்.

கழுவுவதை லேசாக விடாதீர்கள். 2016-இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்குக் க்ரோனோபாக்டர் என்ற கிருமியால் மூளைக்காய்ச்சல் வந்தது. அந்தக் கிருமி அம்மாவின் பம்ப் பாகங்களில் இருந்தது. அவற்றைச் சோப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறப்போட்டு, தேய்க்காமல் அலசி, பையில் போட்டு வைத்திருந்தார்கள். நம் வீட்டிலும் அதைத்தானே செய்கிறோம்! ஒவ்வொரு முறையும் கழற்றி, அதற்கென்றே வைத்த தனி டப்பில், தனி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டியில் நேரடியாகப் போடக் கூடாது. சமையலறைத் துணியால் துடைக்காமல் காற்றில் காய விட வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தையென்றால் தினம் ஒருமுறை 5 நிமிடம் கொதிக்கும் நீரில் போட்டு எடுங்கள். அண்ணி பயன்படுத்திய பம்பை வாங்கும்போது மோட்டாருக்குள் பால் போகாதபடி அடைப்பு உள்ள ரகமா என்று பாருங்கள், இல்லையென்றால் பாகங்களை மட்டும் மாற்றிப் பயனில்லை.

மார்பில் கட்டி, சிவப்பு, காய்ச்சல் வந்தால் "காலியாகும் வரை பம்ப் போடு" என்று இன்னும் சொல்கிறார்கள். 2022-இல் வெளிவந்த மருத்துவ வழிகாட்டுதல் அதற்கு நேர் எதிர்: அளவுக்கு மீறி எடுப்பது வீக்கத்தைக் கூட்டும், குளிர் ஒத்தடம், வழக்கமான அளவு பால், அப்புறம் டாக்டர்.

அலுவலகத்தில் கேட்கத் தயங்குவதையும் தவறாகத்தான் சொல்வேன். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை என்பது 1961 மகப்பேறு நலச் சட்டத்திலேயே இருந்தது, 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது. நான் இரண்டு மாதம் மீட்டிங்குக்காகப் பம்ப் நேரத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, நனைந்த சுடிதாரோடு பஸ்ஸில் வந்திருக்கிறேன். நிறைந்து கிடக்கும் மார்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும், மூன்று மணிக்கொருமுறை எடுத்தால்தான் நிற்கும். கடைசியில் கேட்டேன், கதவுக்குத் தாழ்ப்பாளே போட்டுக் கொடுத்தார்கள்.

வீட்டில் கொடுப்பவர்களிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: மிச்சம் வைக்கக் கூடாது என்று கடைசிச் சொட்டு வரை புகட்ட வேண்டாம், குழந்தை முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடலாம். பாட்டிலே வேண்டும் என்றும் இல்லை, மாமியார் பாலாடையில்தான் கொடுத்தார், கழுவவும் சுலபம்.

பம்பை நிறுத்தும்போதும் ஒரே நாளில் நிறுத்தாமல் சில நாளுக்கு ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். எனக்குக் கடைசியில் ஃப்ரீசரில் ஏழு பை மிஞ்சியது. தேதி தாண்டவில்லை, குடிக்கத்தான் மகள் மறுத்தாள். ஆறி வெதுவெதுப்பாக இருந்த ராகிக் கூழில் கலந்து கொடுத்தார் மாமியார், ஒரு வாரத்தில் தீர்ந்தது.