கல்லறைகள் சூழ்ந்த பழைய சர்ச் கட்டடத்தை எப்படிப் பார்ப்பது: தரங்கம்பாடியை வைத்து ஒரு வழிகாட்டி

பழைய சர்ச் வளாகத்துக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் நேரே தகவல் பலகைக்குத்தான் போகிறார்கள். அதைப் படித்துவிட்டு ஒரு செல்ஃபி, அப்புறம் கிளம்பிவிடுவார்கள். நான் ஓவர்சியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குக் கட்டடத்தைப் பார்த்த பிறகுதான் எழுத்து. அதனால் என் வரிசை வேறு: முதலில் அமைப்பு, அடுத்து சுவர், பிறகு கல்லறை, கடைசியில் காகிதம்.

பழகிக்கொள்ளத் தரங்கம்பாடியைவிட நல்ல இடம் இல்லை. காரைக்காலிலிருந்து வடக்கே பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். டேனிஷ்காரர்கள் 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கோட்டை கட்டிய ஊர். நகர வாசலைத் தாண்டி ராஜ வீதியில் நடந்தால் இரண்டு சர்ச்சுகள் வரும். சீயோன் ஆலயம் 1701-ஆம் வருடத்தது, டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. புதிய எருசலேம் ஆலயம் தமிழ்ச் சபைக்காக ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கட்டியது. ஒரே தெரு, ஒரே மதம், இரண்டு கோயில். ஏன் இரண்டு என்ற கேள்வியோடு உள்ளே போங்கள், நாம் பார்க்கப்போவது இரண்டாவதை.

ஞாயிறு ஆராதனை நேரத்தில் போகாதீர்கள். மற்ற நாளில் ஆயரிடமோ காவலரிடமோ சொல்லிவிட்டு, வெளியே ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கட்டடம் சிலுவை வடிவத்தில் இருப்பது நடக்கும்போதே தெரியும். ஒவ்வொரு கையின் நீளத்தையும் காலடியால் அளந்து நோட்டில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். டேப் தேவையில்லை. சிலுவை வடிவம் அழகுக்கு மட்டும் வந்ததில்லை. நீண்ட மண்டபத்தில் கடைசி வரிசைக்குப் பிரசங்கம் எட்டாது. மைக் இல்லாத காலத்தில் நான்கு கைகளும் கூடும் இடத்தருகே நின்று பேசினால் எல்லாப் பக்கமும் கேட்கும். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தனித்தனிக் கைகள் இருந்தால் ஆட்களையும் தனித்தனியே உட்கார வைக்கலாம். தரங்கம்பாடிச் சபையில் சாதி பார்த்து இடம் பிரித்தது வரலாற்றில் பதிவான விஷயம். வரைபடம் போடும்போது அதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது முகப்பை நிமிர்ந்து பாருங்கள். மகுடம், அதன் கீழே டேனிஷ் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் பெயரெழுத்துப் பின்னல், 1718 என்ற ஆண்டு. பலரும் இதை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். சீகன்பால்கு 1706 ஜூலையில் இங்கே வந்து இறங்கினார். மன்னரே அனுப்பி வைத்த ஆள்தான், ஆனாலும் உள்ளூர் டேனிஷ் ஆளுநருக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1708 கடைசியில் கோட்டைச் சிறையில் போட்டு நான்கு மாதம் வைத்திருந்தார். இது தெரிந்த பிறகு அந்த மகுடத்தைப் பாருங்கள். ‘எனக்குப் பின்னால் யார் இருக்கிறார் தெரியுமா’ என்று கோட்டையைப் பார்த்துச் சொல்வதுபோல எனக்குத் தோன்றும். முகப்பில் அரசுச் சின்னம் இருந்தால், யாருக்குக் காட்ட வைத்தார்கள் என்று எந்த ஊரிலும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து சுவர். இதில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். பூச்சு ஏற்கெனவே உதிர்ந்த இடத்தைத் தேடுங்கள், நீங்களாகச் சுரண்ட வேண்டாம். உள்ளே தெரிவது வெள்ளையாக, விரலில் மாவுபோல ஒட்டினால் சுண்ணாம்புக் காரை. சாம்பல் நிறத்தில் கடினமாக இருந்தால் பின்னால் வந்த சிமெண்ட். கடலோரத்தில் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்து பூசுவது பழைய கொத்தனார் வழக்கம். அந்தப் பூச்சு மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் உப்பு ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து கொட்டும். இடுப்பளவு உயரத்தில் சிமெண்ட் பட்டையும், அதற்குச் சற்று மேலே சுவர் பொரிந்தும் இருந்தால் நடந்தது இதுதான். டெல்டாவில் ஒரு சின்ன சர்ச்சில் (ஊர் பெயர் வேண்டாம்) ‘பலப்படுத்துகிறோம்’ என்று சுற்றிலும் சிமெண்ட் அடித்தார்கள். நான் வேண்டாம் என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சில மழைக்காலத்தில் பூச்சு மொத்தமும் பலகை பலகையாகக் கழன்று வந்தது.

சரி, கல்லறைக்கு வருவோம். புதிய எருசலேமில் முக்கியமான கல்லறை கோயிலுக்கு உள்ளேயே இருக்கிறது. 1718 அக்டோபரில் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த சீகன்பால்கு, 1719 பிப்ரவரி 23 அன்று 36 வயதில் இறந்தார். கட்டிய கோயில் ஐந்து மாதத்துக்குள் அவருக்கே கல்லறை ஆனது. கூட வேலை செய்த குருண்ட்லரும் அடுத்த வருடமே இறந்து இங்கேயே அடக்கமானார்.

வெளியே உள்ள கற்களைப் படிக்கக் காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள், அல்லது மாலை வெயில் சாயும்போது. உச்சி வெயிலில் ஒரு எழுத்தும் பிடிபடாது. பக்கவாட்டு வெளிச்சம் இல்லாவிட்டால் டார்ச்சைக் கல்லின் விளிம்போடு ஒட்டிப் பிடியுங்கள், தேய்ந்த எழுத்தும் நிழல் விட்டு எழும்பும். தெளிப்பானில் கொஞ்சம் வெறும் தண்ணீர் அடிக்கலாம். அவ்வளவுதான். சாக்பீஸ், விபூதி, எண்ணெய், கம்பி பிரஷ், ஆசிட் எதுவும் கூடாது.

மொழி புரியவில்லையே என்று திரும்பிவிடாதீர்கள். டேனிஷில் ‘பிறந்தார்’, ‘இறந்தார்’ இரண்டு சொல்லிலும் ‘ஓ’வின் குறுக்கே ஒரு கோடு இருக்கும். எஃப்பில் தொடங்கினால் பிறப்பு, டியில் தொடங்கினால் இறப்பு. ஜெர்மனில் இரண்டுமே ஜி, ஈ என்று தொடங்கி ஆளைக் குழப்பும். மூன்றாவது எழுத்து பி என்றால் பிறப்பு, எஸ் என்றால் இறப்பு. பழைய தமிழ்க் கல்லில் புள்ளி இருக்காது, துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். வாய்விட்டுப் படித்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

தேதியில் ஒரு பொறி உண்டு. டென்மார்க் 1700-லேயே புதிய காலண்டருக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து மாறியது 1752-இல். இடைப்பட்ட காலத்தில் ஒரே நாளுக்குத் தரங்கம்பாடியில் எழுதும் தேதிக்கும் சென்னைக் கோட்டையில் எழுதும் தேதிக்கும் 11 நாள் வித்தியாசம். கல்லில் ஒன்று, ஆங்கிலக் கடிதத்தில் ஒன்று என்று இருந்தால், யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் ஆங்கிலத் தேதியோடு 11-ஐக் கூட்டிப் பாருங்கள்.

காகிதம் கடைசி. சபையின் அடக்கப் பதிவேட்டைப் பார்க்க ஆயரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். இந்த மிஷன் சம்பந்தப்பட்ட கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நிறுவனத்தில் பத்திரமாக உள்ளன. படங்களை கல் வரிசைப்படி எண்ணிட்டு, ஒரு பிரதியைச் சபைக்குக் கொடுத்துவிடுங்கள். சமீபத்திய கல்லறைகளின் படங்களை இணையத்தில் போட வேண்டாம். நவம்பர் 2-ஐ ஒட்டி எங்கள் பக்கம் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களில் குடும்பம் குடும்பமாக வந்து வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அந்த நாளில் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால், எந்தக் கல் யாருடையது என்று அவர்களே கூப்பிட்டுச் சொல்வார்கள்.